தலைமாட்டுக்கு வரும் மின்சாரம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. குளிர்காலம் வந்துவிட்டால் ஊரைச் சுற்றியுள்ள பாலைநிலம் முழுக்க, வீட்டையே சுமந்து ஓடும் மோட்டார்ஹோம் வண்டிகள் நிறைந்துவிடும். அங்குள்ள லா போசா என்ற பகுதியில், மத்திய அரசின் நிலமேலாண்மைத் துறைக்குக் கட்டணம் செலுத்திவிட்டு, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை வண்டியை நிறுத்திக்கொண்டு தங்கலாம். கம்பத்திலிருந்து மின் இணைப்பு மட்டும் கிடைக்காது. பகலில் கூரைமேல் இருக்கும் சோலார் தகடுகள் பேட்டரிக்குத் தீனி போடும். சாயங்காலம் ஜெனரேட்டர்கள் கொஞ்ச நேரம் உறுமும். இரவு ஏற ஏற அந்தச் சத்தம் அடங்கிப் பாலைவனம் அமைதியாகிவிடும்.

அந்த அமைதியில்தான் இந்தக் கட்டுரையின் கேள்வி பிறக்கிறது. முன்கூடத்து டிவி ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் படுக்கையறையில் தலைமாட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் போன் சார்ஜரைச் செருகினால் விளக்கு எரியாது. ஒரே வண்டி, ஒரே பேட்டரி, அதே இன்வெர்ட்டர். முன்னால் மின்சாரம் இருக்கிறது, பின்னால் இல்லை.

இது பழுதல்ல. வண்டி தொழிற்சாலையிலேயே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதை மாற்றிப் படுக்கையறைக்கும் இன்வெர்ட்டர் மின்சாரத்தைக் கொண்டுபோவது எப்படி என்பது, மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கணக்காக விவாதித்துவரும் விஷயம். பார்வைக்கு அரை நாள் வேலைபோல இருக்கும். உள்ளே இறங்கினால் பேட்டரி, கம்பியின் தடிமன், நியூட்ரல், எர்த், குளிர் என்று ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும்.

ஏன் அந்த பாயின்ட் செத்துக் கிடக்கிறது?

மோட்டார்ஹோமுக்குள் இரண்டு மின்சாரங்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. ஒன்று, பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட். கூரை விளக்கு, தண்ணீர் பம்ப், கேஸ் ஹீட்டரின் காற்றாடி எல்லாம் இதில் ஓடும். இன்னொன்று, வெளியிலிருந்து வரும் 120 வோல்ட். முகாம் மைதானத்துக் கம்பத்தில் தடித்த கேபிளைச் செருகினால் வருவது இது. கப்பல்கள் கரையிலிருந்து மின்சாரம் வாங்கிய வழக்கத்தை ஒட்டி, இதை ‘ஷோர் பவர்’ என்றே அமெரிக்கர்கள் சொல்கிறார்கள். சிறிய வண்டிகளுக்கு 30 ஆம்பியர் இணைப்பு, அதாவது 3,600 வாட். பெரிய வண்டிகளுக்கு 50 ஆம்பியர். அதில் 120 வோல்ட் இரண்டு தனி லைன்களாக வருவதால் மொத்தம் 12,000 வாட் வரை எடுக்கலாம்.

சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்கள் எல்லாம் 120 வோல்ட் குடும்பத்தைச் சேர்ந்தவை. கம்பத்தில் செருகியிருந்தாலோ ஜெனரேட்டர் ஓடினாலோ அவற்றுக்கு உயிர் உண்டு. இரண்டும் இல்லாதபோது, பேட்டரியின் 12 வோல்ட்டை 120 வோல்ட்டாக மாற்றி உயிர் கொடுப்பது இன்வெர்ட்டர். ஆனால் தொழிற்சாலையில் இன்வெர்ட்டர் பொருத்தும்போது, டிவி இருக்கும் ஒன்றிரண்டு பாயின்ட்களோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாக இருந்தது. வீட்டில் வைக்கும் ஃப்ரிட்ஜையே வண்டியிலும் வைக்கும் பழக்கம் வந்த பிறகு, பல வண்டிகளில் அந்த ஃப்ரிட்ஜுக்கென்றே ஓர் இன்வெர்ட்டர் வந்தது. அதிலிருந்து கிளம்பும் கம்பி ஃப்ரிட்ஜின் முதுகோடு முடிந்துவிடும்.

விண்ணபேகோ நிறுவனம் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் தன் முதல் மோட்டார்ஹோம்களைச் செய்தது 1966-இல். அன்று படுக்கைக்கு அருகில் வேண்டியிருந்தது ஒரு விளக்குதான். அதற்கு 12 வோல்ட் போதும். இன்று தலைமாட்டில் போன், லேப்டாப், குளிருக்கு மின் போர்வை என்று வரிசை நீள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூச்சுக் கருவி இருக்கிறது.

தூக்கத்தில் மூச்சு அடைபடும் ‘ஸ்லீப் அப்னியா’ நோயாளிகள் இரவு முழுக்க முகத்தில் அணிந்து தூங்கும் கருவி சிபாப். மூக்கு வழியாகச் சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, தொண்டை அடைபடாமல் அது காக்கிறது. சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் 1980-இல் இதைப் பரிசோதித்து, 1981-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். மோட்டார்ஹோமில் மாதக்கணக்கில் சுற்றுபவர்களில் பணி ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். இந்தக் கருவி வேண்டியவர்களும் அந்த வயதினரிடையே நிறைய உண்டு. அவர்களுக்குத் தலைமாட்டு பாயின்ட் ஒரு வசதி என்ற நிலையைத் தாண்டிவிட்டது. நள்ளிரவில் மின்சாரம் நின்றால் கருவி நிற்கும், மூச்சு திணறித் தூக்கம் கலையும்.

படுக்கையிலிருந்து தொடங்கும் கணக்கு

இந்த வேலையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை வாட் இன்வெர்ட்டர் வாங்குவது என்பதைத்தான். கணக்கு அங்கே தொடங்கக் கூடாது. படுக்கையில் என்ன ஓடப்போகிறது, எத்தனை மணி நேரம் ஓடப்போகிறது என்பதில் தொடங்கி, பேட்டரி வரை பின்னோக்கி வர வேண்டும்.

சிபாப் கருவியையே எடுத்துக்கொள்வோம். ரெஸ்மெட் நிறுவனத்தின் ஏர்சென்ஸ் 10 கருவியோடு வரும் அடாப்டர் 90 வாட். அடுத்து வந்த ஏர்சென்ஸ் 11-க்கு 65 வாட். இவை உச்ச அளவுகள். காற்றை ஈரமாக்கும் நீர்த்தொட்டியையும் சூடேறும் குழாயையும் அணைத்துவிட்டால், கருவி உண்மையில் எடுப்பது இதில் ஒரு பகுதிதான். பாதுகாப்புக்காக 40 வாட் என்று கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 320 வாட்-மணி.

இனி இன்வெர்ட்டரின் சொந்தப் பசி. 2,000 வாட் இன்வெர்ட்டர் ஒன்று, எதையும் ஓட்டாமல் சும்மா விழித்திருப்பதற்கே 25 வாட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். எட்டு மணி நேரத்தில் அதுவே 200 வாட்-மணி. மாற்றத்தில் போகும் இழப்பையும் சேர்த்தால், அந்த இரவு பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 46 ஆம்பியர்-மணி காலி. இதே வேலையை 300 வாட் சின்ன இன்வெர்ட்டர் செய்தால் 34 போதும். இன்வெர்ட்டரே இல்லாமல், 12 வோல்ட்டை 24 வோல்ட்டாக ஏற்றும் சிறு கன்வெர்ட்டர் மூலம் கருவியை நேரடியாக ஓட்டினால் 30-க்குள் முடிந்துவிடும்.

இரண்டு 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட்டில் சுமார் 220 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பது பொதுவிதி. ஆகவே கையில் இருப்பது 110. குளிர் இரவில் கேஸ் ஹீட்டரின் காற்றாடி ஓடும்போதெல்லாம் பல மாதிரிகளில் 7, 8 ஆம்பியர் இழுக்கும். அந்தக் காற்றாடி இரவில் நான்கு மணி நேரம் ஓடினாலே 30 ஆம்பியர்-மணி போய்விடும். பெரிய இன்வெர்ட்டரையும் இரவு முழுக்க விழித்திருக்க விட்டால், சாயங்காலச் செலவும் சேர்ந்து, விடியும்போது பேட்டரி எல்லைக் கோட்டுக்கு அருகில் நிற்கும். 34-க்கும் 46-க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் சிறிதாகத் தெரிந்தாலும், விடிகாலை நான்கு மணிக்கு அதுதான் தீர்மானிக்கும்.

அலையின் வடிவமும் கவனிக்க வேண்டியது. மலிவான இன்வெர்ட்டர்கள் படிப்படியாக ஏறி இறங்கும் ‘மாடிஃபைடு சைன் வேவ்’ தருகின்றன. லேப்டாப் சார்ஜருக்கு அது போதும். மின் போர்வையின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சிபாப்பின் சூடேற்றும் பகுதியும் அதில் தகராறு செய்யக்கூடும். படுக்கையறைக்கென்று புதிதாக வாங்குவதாக இருந்தால், ‘ப்யூர் சைன் வேவ்’ வகையைத்தான் வாங்க வேண்டும்.

ஐந்து வழிகள்

நடைமுறையில் கையாளப்படும் வழிகளை எளிமையிலிருந்து சிக்கலுக்கு இப்படி வரிசைப்படுத்தலாம்.

முதல் வழி, 120 வோல்ட்டையே மறந்துவிடுவது. படுக்கைக்கு அருகில் 12 வோல்ட் சாக்கெட்டும் யூ.எஸ்.பி-சி முனையும் வைத்தால் போன், லேப்டாப், சிபாப் மூன்றுக்கும் வழி பிறந்துவிடும். மின்சாரம் குறைவாக வீணாவது இதில்தான். தேவை இவ்வளவுதான் என்றால் கட்டுரையை இங்கேயே மூடிவைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

இரண்டாவது, வண்டியின் கேபிளைக் கம்பத்துக்குப் பதிலாக இன்வெர்ட்டரிலேயே செருகுவது. செலவே இல்லை, வண்டியின் எல்லா பாயின்ட்டும் ஒரே நொடியில் உயிர் பெறும். ஆபத்தும் அதே நொடியில் தொடங்கும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டரும் அந்த 120 வோல்ட்டில்தான் இருக்கிறது. பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்ட, இன்வெர்ட்டர் கன்வெர்ட்டரை ஓட்ட, அது மறுபடி அதே பேட்டரியைச் சார்ஜ் செய்யும். ஒவ்வொரு சுற்றிலும் இழப்பு. கன்வெர்ட்டரின் பிரேக்கரை அணைக்க வேண்டும், ஃப்ரிட்ஜை கேஸுக்கு மாற்ற வேண்டும், வெந்நீர்க் கொதிகலனின் மின் சுவிட்சையும் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு இரவும் மறக்காமல் இதையெல்லாம் செய்யக்கூடியவருக்கு மட்டுமே இந்த வழி பொருந்தும்.

மூன்றாவது, இருக்கும் வயரிங்கைத் தொடவே தொடாமல் புதிய பாயின்ட் ஒன்றைப் போடுவது. பேட்டரிக்கு அருகில் சின்ன இன்வெர்ட்டர், அதிலிருந்து தனிக் கேபிள், படுக்கைக்கு அருகில் தனி நிறத் தகடோடு ஒரு பாயின்ட். பழைய பாயின்ட் ஷோர் பவருக்கு, புதியது இன்வெர்ட்டருக்கு. இரண்டும் எந்த இடத்திலும் சந்திப்பதில்லை. படுக்கையறை மட்டும்தான் பிரச்சினை என்றால் பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே சரியான விடை. குழப்பமில்லாதது, பின்னால் கழற்றுவதும் எளிது, தவறு செய்யும் இடங்களும் குறைவு.

நான்காவது, இருக்கும் பாயின்ட்டையே இரு மூலத்துக்கும் பொதுவாக்குவது. இதற்கு ‘டிரான்ஸ்ஃபர் சுவிட்ச்’ வேண்டும். படுக்கையறைப் பிரேக்கரிலிருந்து வரும் கம்பி ஒரு பக்கம், இன்வெர்ட்டர் கம்பி மறுபக்கம், பாயின்ட்டுக்குப் போவது நடுவில். எந்த நேரத்திலும் ஒன்று மட்டுமே இணைந்திருக்கும். இந்தச் சுவிட்ச் இல்லாமல் இரண்டையும் ஒரே கம்பியில் சேர்த்தால், ஷோர் பவர் வரும் நொடியில் இன்வெர்ட்டர் எரிந்துபோகும். இரு முனையிலும் ஆண் பின் வைத்த ஒயரைச் செய்து பாயின்ட்டுக்குள் மின்சாரத்தைத் திருப்பி ஊட்டுபவர்களும் உண்டு. கழற்றும்போது கையில் இருக்கும் வெற்றுப் பின்னில் 120 வோல்ட் நிற்கும். அதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யவே கூடாது.

ஐந்தாவது, சார்ஜரும் டிரான்ஸ்ஃபர் சுவிட்சும் உள்ளடங்கிய பெரிய இன்வெர்ட்டர். விக்ட்ரானின் மல்டிபிளஸ், சான்ட்ரெக்ஸின் ஃப்ரீடம் வரிசை, மேக்னம் ஆகியவை இந்த வகை. மெயின் பேனலிலிருந்து சில பிரேக்கர்களை மட்டும் துணைப் பேனலுக்கு மாற்றி, அந்தத் துணைப் பேனலை இன்வெர்ட்டருக்குப் பின்னால் வைப்பார்கள். ஏ.சி., வெந்நீர், கன்வெர்ட்டர் மூன்றும் மெயினிலேயே தங்கும். ஷோர் பவர் போனால் 20 மில்லிவினாடி அளவில் மாறிவிடுவதால், சிபாப் ஓடுவது அறுபடாது. வண்டி முழுவதையும் புதுப்பிப்பவர்களுக்கு ஏற்றது இதுதான். ஒரு பாயின்ட்டுக்காக மட்டும் இதில் இறங்குவது, இரவெல்லாம் அந்த 25 வாட் பசியையும் வீட்டுக்குள் அழைத்து வருவதாகும்.

ஃப்ரிட்ஜுக்கென்று தனி இன்வெர்ட்டர் இருக்கும் வண்டிகளில் அதிலிருந்தே ஒரு கிளை இழுக்கலாமா என்ற கேள்வியும் எழும். 1,000 வாட் திறனில் போன் சார்ஜருக்கும் மூச்சுக் கருவிக்கும் இடம் உண்டு. ஆனால் ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். அதோடு, யாராவது தலைமாட்டில் 1,500 வாட் ஹீட்டரைச் செருகினால் இன்வெர்ட்டர் நின்று, ஃப்ரிட்ஜும் சேர்ந்து நிற்கும். கிளை இழுப்பதானால், அந்தக் கிளைக்குத் தனியாகச் சிறிய பிரேக்கர் வைப்பது அவசியம்.

நியூட்ரல் என்னும் முடிச்சு

வேலை தெரிந்தவர்களையும் தடுக்கிவிடும் இடம் இது. வீட்டில் நியூட்ரலும் எர்த்தும் மெயின் பேனலில் ஓரிடத்தில் இணைக்கப்பட்டிருக்கும். மோட்டார்ஹோமில் அப்படி இணைக்கக் கூடாது என்கிறது அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பின் 551-ஆம் பிரிவு. வண்டி கம்பத்தில் செருகியிருக்கும்போது அந்த இணைப்பு வெளியே, மைதானத்தின் வயரிங்கில் இருக்கிறது. இரண்டாவது இணைப்பு வண்டிக்குள்ளும் வந்தால், திரும்பிப் போகும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் கம்பி வழியாகவும் வண்டியின் உலோக உடல் வழியாகவும் ஓடும்.

ஆனால் இன்வெர்ட்டர் தனியே ஓடும்போது அதுவே மின்நிலையம். அப்போது இணைப்பு அதற்குள் இருக்க வேண்டும். நல்ல இன்வெர்ட்டர்-சார்ஜர்கள் உள்ளே ஒரு ரிலே வைத்து, தாமே மின்சாரம் தரும்போது நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்து, ஷோர் பவர் வந்ததும் பிரித்துவிடும். அது ஒழுங்காக நடக்க வேண்டுமானால், துணைப் பேனலுக்குப் போகும் ஒவ்வொரு பிரேக்கரோடும் அதன் நியூட்ரல் கம்பியும் கூடவே இடம் மாற வேண்டும். ஃபேஸ் கம்பியை மட்டும் மாற்றிவிட்டு நியூட்ரலைப் பழைய பட்டையிலேயே விட்டால், ஜி.எஃப்.சி.ஐ. பாயின்ட்கள் காரணம் புரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் 4 முதல் 6 மில்லிஆம்பியர் வேறுபட்டாலே துண்டிப்பதுதான் அவற்றின் வேலை. மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு யூ.பி.எஸ். போட்ட தமிழ்நாட்டு எலெக்ட்ரீஷியன்களுக்கு இந்த முடிச்சு நன்றாகத் தெரியும். யூ.பி.எஸ். லைனும் மெயின் லைனும் நியூட்ரலைப் பகிர்ந்துகொண்ட வீடுகளில், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் இ.எல்.சி.பி. விழுவது இதே காரணத்தால்தான்.

மலிவான சிறு இன்வெர்ட்டர்களில் வேறொரு சிக்கல். அவற்றில் பலவற்றின் இரண்டு வெளிக்கம்பிகளும் எர்த்தைப் பொறுத்துச் சுமார் 60 வோல்ட்டில் நிற்கும், உண்மையான நியூட்ரல் என்று ஒன்று இருக்காது. அவற்றில் ஒன்றைப் பிடித்து வண்டியின் எர்த்தோடு இணைத்தால் இன்வெர்ட்டர் கெட்டுப்போகும். கையேட்டில் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று படிக்காமல் ஸ்க்ரூடிரைவரை எடுக்கக் கூடாது. அமெரிக்காவில் வண்டிகளில் பொருத்தும் இன்வெர்ட்டர்களுக்கென்றே யூ.எல். 458 என்ற தரநிலை இருக்கிறது. பெட்டியில் அந்த முத்திரையைப் பார்த்து வாங்குவது நல்லது.

கம்பி போகும் பாதை

பேட்டரி ஓரிடம், படுக்கை ஓரிடம். பல வண்டிகளில் பேட்டரி நுழைவுப் படியின் கீழே இருக்கும், படுக்கை பின்கோடியில். இடையில் இன்வெர்ட்டரை எங்கே வைப்பது?

இதற்குக் கணக்கே பதில் சொல்கிறது. 300 வாட் சுமைக்கு 12 வோல்ட் பக்கத்தில் 28 ஆம்பியர் ஓடும். 10 ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்கக் கம்பி அளவு) தாமிரக் கம்பியில் 20 அடி போய்த் திரும்பினால் வழியிலேயே 1.1 வோல்ட் தொலையும். 12.2 வோல்ட்டில் இருக்கும் பேட்டரி, இன்வெர்ட்டரின் கண்ணுக்கு 11.1 ஆகத் தெரியும். பேட்டரியில் பாதி மீதமிருக்கும்போதே நள்ளிரவில் எச்சரிக்கை மணி அலறும். அதே 300 வாட்டை 120 வோல்ட்டில் அனுப்பினால் ஓடுவது இரண்டரை ஆம்பியர், அதைவிட மெல்லிய 14 ஏ.டபிள்யூ.ஜி. கம்பியிலும் இழப்பு கால் வோல்ட்தான். ஆக இன்வெர்ட்டர் பேட்டரியை ஒட்டி இருக்கட்டும், நீண்ட பயணம் 120 வோல்ட் கம்பிக்கு. ஒட்டி என்றால் அதே பெட்டிக்குள் அல்ல. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவிடும், இன்வெர்ட்டருக்குள் பொறி பறக்கக்கூடும். நடுவில் ஒரு தடுப்புச் சுவர் கட்டாயம்.

2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட் பக்கத்தில் 185 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்குக் கட்டைவிரல் பருமனில் கேபிள் வேண்டும், பேட்டரி முனைக்கு மிக அருகில் பியூஸ் வேண்டும். லித்தியம் பேட்டரியாக இருந்தால், பெரும் மின்னோட்டத்தையும் துண்டிக்கக்கூடிய ‘கிளாஸ் டி’ வகை பியூஸ். ஷார்ட் ஆன நொடியில் லித்தியம் கொட்டும் மின்னோட்டத்தைச் சாதாரண பியூஸ் தாங்காது.

கம்பி படுக்கைக்குப் போகும் வழியை மெத்தையைத் தூக்கிப் பார்த்தால்தான் புரியும். பின்பக்க டீசல் இன்ஜின் வண்டிகளில் படுக்கைக்கு நேர் கீழே இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டின் அருகே கேபிள் போகக் கூடாது. பக்கவாட்டில் நீளும் ‘ஸ்லைடு-அவுட்’ அறையில் படுக்கை இருந்தால், அறை உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கம்பி மடிந்து நீள வேண்டும். அதற்கான நெகிழ்வான கேபிள் ஏற்கெனவே அடியில் தொங்கும், புதியதும் அதோடுதான் போக வேண்டும். இரும்புச் சட்டத்தைத் துளைக்கும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் வேண்டும். நெடுஞ்சாலையில் ஆயிரம் மைல் அதிர்ந்தபின் கம்பியின் தோலை அறுப்பது அந்தச் சட்டத்தின் விளிம்புதான்.

லித்தியமும் குளிரும்

இந்த வேலை கடந்த பத்தாண்டுகளில் எளிதானதற்குப் பெரிய காரணம் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று 1,280 வாட்-மணி வைத்திருக்கும், அதில் பெரும்பகுதியைத் தயங்காமல் எடுக்கலாம். எடை ஈய-அமிலத்தின் பாதிகூட இல்லை. இதன் வேர் டெக்சாஸில், ஜான் குட்இனஃப் ஆய்வகத்தில் இருக்கிறது. 1980-களில் அவரோடு சேர்ந்து பாலிஅனயான் வகைச் சேர்மங்களை பேட்டரிக்குரியவையாக அடையாளம் கண்டவர், மதுரையில் படித்து சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். 1990-களில் அந்த வழியிலேயே லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தது. குட்இனஃபுக்கு 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரமே.

ஒரு குறை உண்டு. உறைநிலைக்குக் கீழே இந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. மின்சாரத்தை எடுக்கலாம், ஏற்ற முடியாது. பாலைவனத்து ஜனவரி விடியலில் வெயில் வந்தும் பேட்டரி சூடாகும்வரை சோலார் காத்திருக்க நேரிடும். பேட்டரியை வண்டியின் உட்புறத்துக்கு மாற்றுபவர்கள் இதனால்தான் மாற்றுகிறார்கள்.

முதல் இரவுக்கு முன்

தேசியப் பூங்காக்களில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். இயந்திரச் சத்தம் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்ற விதியும் உண்டு. நள்ளிரவில் ஏதாவது தவறினால் ஜெனரேட்டரைக் கிளப்பிச் சமாளிக்க முடியாது. ஆகவே சோதனையை வீட்டு வாசலிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

ஷோர் பவரைக் கழற்றி, இன்வெர்ட்டரை மட்டும் ஓட்டி, மூன்று விளக்குச் சோதனைக் கருவியைத் தலைமாட்டு பாயின்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும். ஜி.எஃப்.சி.ஐ. பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். பிறகு இன்வெர்ட்டர் ஓடும்போதே ஷோர் பவரைச் செருகி, மீண்டும் கழற்றி, இரு திசையிலும் மாற்றம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் சுமையோடு ஓட்டியபின் ஒவ்வொரு இணைப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும் முனை தளர்ந்த முனை. பல வண்டிகளில் பாயின்ட்கள் கம்பியின் தோலைக் குத்திப் பிடிக்கும் அவசர வகையைச் சேர்ந்தவை. திருகு வைத்த நல்ல பாயின்ட்டாக மாற்றுவதற்கு அப்போதே நேரம் ஒதுக்கலாம்.

கடைசியாக, ஓர் இரவு முழுக்க வண்டியிலேயே படுத்துப் பார்ப்பது. படுக்கும்முன் பேட்டரி மானிட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு, ஹீட்டரையும் வழக்கம்போல ஓடவிட்டுத் தூங்க வேண்டும். காலையில் மறுபடி மானிட்டரைப் பார்த்து, இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாயின்ட் தகட்டிலேயே எழுதி ஒட்டலாம். ‘இன்வெர்ட்டர், 300 வாட் வரை, ஓர் இரவுக்கு 34 ஆம்பியர்-மணி’ என்று ஒரு சிறு காகிதம். விருந்தாளி யாராவது ஹேர் டிரையரோடு அந்தப் பக்கம் வரும்போது, அவர் கண்ணில் முதலில் படுவது அந்தக் காகிதமாக இருக்கும்.